பெயர் எழுதாமல் போனவர்

அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து எண்பது அடி தூரத்தில் எங்கள் வீடியோ கேம் கடை இருந்தது. காசு போட்டால் ஓடும் மெஷின்கள் இரண்டு. இரண்டையும் சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர் மச்சான், என் அக்காவின் கணவர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

எதிர்க்கரைச் சாத்தம் போகும் ஃபெரியைத் தவறவிட்டவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அடுத்த ஃபெரி வரும்வரை ஒரு ரூபாய்க் காசு விழுந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் ஆட்கள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

விண்கப்பல் ஆட்டத்தில் மச்சானை யாரும் ஜெயித்ததில்லை. அதிகப் புள்ளி எடுத்தவர் மூன்று ஆங்கில எழுத்துகளில் தன் பெயரைப் பதிக்கலாம். திரை பத்திலிருந்து கீழே எண்ணும். அதற்குள் கைப்பிடியை அசைத்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சும்மா விட்டால் மெஷின் தானாக மூன்று ‘ஏ’ போட்டுக்கொள்ளும். மச்சான் ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. ஃபெரிச் சங்கு கேட்டதும் எழுந்து போய்விடுவார். பட்டியலின் உச்சியில் ‘ஏ ஏ ஏ’ நிற்கும். கரண்டு போனால் பட்டியல் அழிந்துவிடும் என்பதால், கடை அடைக்குமுன் அதை டைரியில் எழுதிவைப்பேன்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தை நம்பி ஒரு மெஷினோடு அவர் கார் நிக்கோபாருக்குக் கப்பலேறினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நிலம் நடுங்கி, கடல் வந்தது. அவரும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வருடம் ஜமாஅத்துப் பெரியவர்கள் லாத்தாவிடம் வந்தார்கள். இனி அவரை மவுத்தானவராகத்தான் எடுக்க வேண்டும், இத்தா இரு என்றார்கள். இத்தா என்பது கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டுக்குள் இருப்பது. “மையத்தைக் காட்டுங்க, இருக்குறேன்” என்று உடலைக் கேட்டாள் லாத்தா. அவர்கள் தேநீரைக் குடிக்காமல் போனார்கள்.

நிலநடுக்கத்தில் எங்கள் பக்கம் தரை இறங்கிவிட்டிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது கடையின் தரை விரிசல்களில் உப்புத் தண்ணீர் ஊறி வரும். மிஞ்சிய மெஷினைச் சிமெண்டுக் கல்மேல் ஏற்றி வைத்தேன். ஏற்ற நேரங்களையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

கடல் ஏறிய ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்காக ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினேன். காலையில் கரண்டு போய் வந்ததால் பட்டியல் வெறுமையாக இருந்தது, போகும்போது பார்த்திருந்தேன். இப்போது உச்சியில் ‘ஏ ஏ ஏ’. பூட்டு போட்டபடியே இருந்தது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி. மூன்றாவது முறை, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த லாத்தா அதைப் பார்த்துவிட்டாள்.

“வந்துட்டுப் போயிருக்காஹ” என்றாள். அழவில்லை. தூக்கைத் திறந்து எனக்குச் சோறு வைத்தாள்.

பக்கத்து டீக்கடைக்காரருக்கும் செய்தி போயிற்று. “பாய், உங்க மெஷினுக்கு பூத், அதான் பேய், புடிச்சிருக்குன்னு சொல்றாங்களே. டிக்கெட் போட்டு விடுங்க, ஃபெரிக்காரன் கூட்டம் பூரா இங்கதான்.”

மெஷினின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். காசுக்கும் கைப்பிடிக்கும் பொத்தான்களுக்கும் போகும் கம்பிகளில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. ஈரம் ஏறினால் ஒன்றையொன்று தொடும். காசு விழுந்ததாக மெஷின் நினைத்துக்கொள்ளும்.

“ஈரம் லாத்தா. வேற ஒண்ணுமில்ல.”

“ஈரத்துக்கு இம்புட்டு வெளாடத் தெரியுமா?”

பழைய டைரியை எடுத்து ஒப்பிட்டேன். மூன்று முறை வந்த புள்ளிகளும் மச்சானின் ஆகக் கூடிய புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றன. ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. இதை லாத்தாவிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த ஏற்றம் நண்பகலில் வந்தது. “உள்ள இருந்து பாப்போம்” என்றாள். ஷட்டரை இறக்கி இரண்டு ஸ்டூல் போட்டேன். தண்ணீர் விரிசலில் மினுங்கி, கல்லைச் சுற்றி, எங்கள் கால்விரல்களுக்கு வந்தது. உள்ளே ‘டிக்’ என்றது. ஆட்டம் தொடங்கியது.

கைப்பிடி அசையவில்லை. பொத்தான் அமுங்கவில்லை. திரையில் கப்பல் இடமும் வலமும் நகர்ந்து சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம். மச்சான் எப்போதும் இடது மூலையில் ஒதுங்கிக் காத்திருப்பார். இதுவும் இடது மூலையில் ஒதுங்கியது. லாத்தா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள், பெரியவர்கள் முன்னால் செய்வதுபோல.

கடைசிக் கப்பலும் வெடித்தது. பத்து, ஒன்பது, எட்டு. எழுதாத இடம் எதையும் நான் அப்படியே விட்டுப் பழகியவன் அல்ல. என்னையறியாமல் கை கைப்பிடிக்குப் போயிற்று.

“தொடாத” என்றாள்.

பூஜ்யம். ஏ ஏ ஏ.

பிறகு கையை நீட்டினாள். “ஒரு காசு தா.”

அவள் அதுவரை அந்த மெஷினைத் தொட்டதில்லை. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, மூன்று கப்பலும் போயிற்று. அன்றும் கரண்டு போய் வந்து பட்டியலில் வேறு ஆள் இல்லாததால் அவளிடமும் பெயர் கேட்டது.

“பேரப் போடு லாத்தா. நான் காட்டித் தர்றேன்.”

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். எண்கள் இறங்கின. அவருக்குக் கீழே இன்னொரு ‘ஏ ஏ ஏ’ வந்து நின்றது.

“இது யாரு?”

“நீதான்.”

“நான் ஒண்ணும் எழுதலையே.”

“எழுதாட்டி அதுதான் வரும். யாரா இருந்தாலும்.”

அவள் இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இது அவுஹ பேரு இல்ல” என்றாள். “எழுதாமப் போனவுஹ எல்லாருக்கும் இதுதான் பேரு.”

தண்ணீர் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். ஷட்டரைத் தூக்கியதும் அவள் டீக்கடைக்காரரைப் பார்க்காமல், ஜெட்டியைப் பார்க்காமல், நேரே வீட்டுக்குப் போனாள். அன்று மாலை மக்ரிபுக்கு முன் வெள்ளைச் சேலை எடுத்து வரும்படி என் மனைவியிடம் கேட்டாள். நான்கு மாதம் பத்து நாள் வாசலுக்கு வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை என் மனைவி கொண்டுவந்தாள்.

அந்த நாட்களின் டைரி என்னிடம் இருக்கிறது. கடல் ஏறிய ஒவ்வொரு நண்பகலும் கடைக்குள் இருந்தேன். தண்ணீர் முன்போலவே வந்தது. கம்பிகளை நான் துடைக்கவில்லை. உப்பு இன்னும் தடித்திருந்தது. மெஷின் ஒருமுறைகூடத் தானாக எழும்பவில்லை.

பிறகு ஃபெரிக்குக் காத்திருப்பவர்கள் கையில் மொபைல் வந்தது. குனிந்த தலையோடு கடையைக் கடந்து போனார்கள். மெஷினைப் பிரித்து, பலகையையும் பிக்சர் ட்யூபையும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்குப் போட்டேன். கடைசியாக பிளக்கைப் பிடுங்குமுன், வழக்கப்படி பட்டியலை டைரியில் எழுதினேன். எழுத ஒரே ஒரு வரிதான் இருந்தது, ‘ஏ ஏ ஏ’. அன்று காலை கரண்டு போய்ப் பட்டியல் அழிந்த பிறகு யாரும் ஆடியிருக்கவில்லை.