பதினான்கு சத்தங்களும் ஒரு நேர்காணலும்

பேத்தி தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் டிசைன் படிக்க விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்று மருமகள் சொன்னபோது, எத்தனை ரயில் மாற வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்டேன். சயானில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் மாறி, கோபர்கைரனேயில் இறங்க வேண்டும். மூன்று ரயில். அதற்குப் பிறகு ஒரு ஆட்டோ. எங்கள் தாராவி வீட்டிலிருந்து பொடிநடையாகப் போகக்கூடிய கல்லூரிகள் சயானிலும் மாட்டுங்காவிலும் சேர்த்து, என் கணக்கில் ஐந்து இருக்கின்றன.

"அங்கெல்லாம் பை டிசைன் கிடையாது தாத்தா" என்றாள் பேத்தி.

"பை தைக்கதுக்கு எதுக்குட்டி டிகிரி? ஏணியில எறங்குனா பாய் சும்மாவே சொல்லிக் குடுப்பாரு."

"தைக்கிறது வேற, டிசைன் வேற. விடுங்க, உங்ககிட்ட பேசுறது டைம் பாஸ்."

பாய் என்பவர் எங்களுக்குக் கீழே பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறி வருகிற ஒற்றை அறை எங்கள் வீடு. பேத்தி நடக்கப் பழகிய நாள் முதல் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி வந்து எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பாள். அது ஒரு படிப்பு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். தான் செய்த பைகளைப் படமெடுத்து அனுப்பியதிலும் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு நேர்காணல். அதில் நன்றாகச் செய்தால் இடத்தோடு உதவித்தொகையும் உண்டு. உதவித்தொகை வந்தால் போகட்டும், வராவிட்டால் நம்மால் முடியாது என்று என் மகன் முதலிலேயே சொல்லிவிட்டான். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எப்போதும் நான்கு தோசை தின்கிறவள் இரண்டோடு எழுந்தாள்.

நேர்காணல் நேரில் இல்லை. வீட்டிலிருந்தே கணினியில் முகம் காட்டிப் பேச வேண்டும். அதற்கான விதிகள் மெயிலில் வந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பின்னால் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். வெளிச் சத்தம் கேட்கக் கூடாது.

மூன்றாவது விதியை மட்டும் இன்னொரு தடவை படித்தேன். துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணியே உத்தியோகக் காலத்தைக் கழித்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். அன்று கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு சத்தங்களை எண்ணினேன். பாயின் பட்டறையில் தையல் மெஷின் ஆறு. அதை ஒரே சத்தமாக வைத்துக்கொண்டேன். எதிரே மாவு அரைக்கிற கிரைண்டர். பக்கத்து வீட்டு டிவியில் ஓயாத மராத்தி நாடகம். சந்து முனையில் ஹாரனைத் தவிர வேறு பாஷை தெரியாத டெம்போக்காரன். தகரக் கூரையில் நடக்கிற புறாக்கள். இப்படியே எண்ணிக்கொண்டு போனதில் பதினான்கு வந்தது. பதினான்காவது எங்கள் சொந்த மின்விசிறி.

"சேம்பூர்ல எம் மக ஃபிளாட்டுக்குப் போயிருவோமா?" என்று மருமகளிடம் கேட்டேன். அங்கே ஏசி உண்டு, வெள்ளைச் சுவரும் உண்டு.

"அங்க மேல் மாடியில டைல்ஸ் ஒடைக்காங்க மாமா. அதுக்கு நம்ம டெம்போக்காரனே மேல்."

ஆகவே சத்தங்களை ஒவ்வொன்றாக அடக்கப் புறப்பட்டேன். மாவுக்காரர் அன்று காலையிலேயே அரைத்து முடித்துவிடுவதாகச் சொன்னார். டிவி வீட்டு அம்மா, பெண்ணின் படிப்பு என்றதும் நாடகத்தையே தியாகம் செய்தார். பாயிடம்தான் எனக்குத் தயக்கம். பண்டிகை ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது அவருக்கு.

"அண்ணாச்சி, அது உங்க பேத்தி மட்டுமா? எங்கிட்ட எத்தன ஜிப்பு திருடியிருக்கா தெரியுமா?" என்றார் பாய். "ஆறு மெஷினையும் நிப்பாட்டுதேன். பசங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வைக்கேன். அன்னைக்கி எங் கடையில ஊசி விழுந்தாக்கூட அது மெதுவாத்தான் விழணும். போதுமா?"

போதும். ஆனால் எனக்குப் போதவில்லை. மனிதர்கள் ஒத்துழைத்துவிட்டார்கள், புறாக்களை யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனபோது ஒரு துண்டுச் சீட்டில் ஜெபக் குறிப்பு எழுதிப் போதகரிடம் கொடுத்தேன். பேத்தியின் நேர்காணல், இன்ன நாள், இன்ன நேரம், சபையார் ஜெபத்தில் தாங்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தேன். போதகர் அதை ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். எங்கள் சபையில் நேரம் குறிப்பிட்டுக் கேட்டால் அந்த நேரத்துக்கு அவரவர் இருக்கிற இடத்தில் ஜெபிப்பார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் பெண்கள் ஜெபக்குழு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடும். கணினி நேர்காணலையும் அவர்கள் பெரிய ஆபரேஷன் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதித்தது. சுவரிலிருந்து பதினொரு சாமான்களைக் கழற்றினோம். வசனக் காலண்டர், கடிகாரம், மகனின் கல்யாணப் படம், கண்ணாடி, கொடியில் தொங்கிய துணிகள் எல்லாம் கட்டிலுக்கடியில் போயின. சாமான் போன இடமெல்லாம் சுவர் வேறு வேறு நீலமாகத் தெரிந்தது. மருமகள் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினாள். என் வேட்டிதான். பேத்தி மேலே இஸ்திரி போட்ட குர்தாவும் கீழே பழைய டிராக் பேண்டுமாக உட்கார்ந்தாள். விசிறியை நிறுத்தினேன்.

"தாத்தா, வெளியே போங்க. மூச்சுகூட விடாதீங்க."

நானும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு ஏணியின் மேல்படியில் நின்றோம். சந்து அப்படி ஓர் அமைதியில் கிடந்ததை நான் பார்த்ததே இல்லை. டெம்போக்காரனைக்கூடக் காணவில்லை. அப்போதுதான் சந்து முனையில் வெள்ளைச் சேலைகள் தெரிந்தன. எண்ணினேன். ஒன்பது. முன்னால் வந்தது ஜெபக்குழுத் தலைவி அக்கா. அவர் கையில் கஞ்சிரா.

நான் இறங்கி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி!" என்றார் அக்கா, ஒன்பது பேருக்கும் சேர்த்து.

"மெதுவா, மெதுவா! அக்கா, நீங்க வீட்டுலேர்ந்தே..."

"நேரஞ் சொன்னியள்லா? நேரஞ் சொன்னா வராம இருப்போமா? வழிய விடுங்க, பிள்ள தலையில கைய வச்சு ஜெபிக்கணும்."

"பிள்ள இப்ப பேசிக்கிட்டு இருக்கா. உள்ள யாரும் போகக் கூடாது. சத்தமே ஆகாது."

"சத்தமில்லாம ஜெபமா? பரலோகம் என்ன பக்கத்துலயா இருக்கு?"

பின்னால் நின்ற ஒரு பெண், "மனசுக்குள்ள பண்ணுவோம்க்கா" என்றாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் இன்னும் பின்னால் போனாள். பாய் வாசலுக்கு வந்தார். விஷயம் புரிந்ததும், "தெருவுல வெயில்ல நிக்காண்டாம், உள்ள வந்து இருங்க" என்று பட்டறைக்குள் கூப்பிட்டார். ஒன்பது பேரும் பைகளின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். பசங்கள் தங்கள் டீயை அவர்களுக்குக் கொடுத்தார்கள். பாய் ஷட்டரையும் பாதி இறக்கினார். அந்த மனிதரின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டறையின் கூரைதான் எங்கள் வீட்டுத் தரை, அது வெறும் பலகை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதலில் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. பிறகு தேன்கூட்டைக் கலைத்ததுபோல் ஒரு ரீங்காரம். நான் மறுபடி மேல்படிக்கு வந்து சேர்ந்தபோது ஜெபம் முடிந்து பாட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் அடியில் கஞ்சிராவும் சேர்ந்துகொண்டது. மருமகள் தலையில் கைவைத்து ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பேத்தி ஏதோ சொல்வதும், கணினிக்குள் யாரோ சிரிப்பதும் கேட்டது. சிரிக்கிறார்கள். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். பதினான்கு சத்தத்தை அடக்கப் போய்ப் பதினைந்தாவதை நானே ஒலிபெருக்கியில் சொல்லி வரவழைத்திருந்தேன்.

நேர்காணல் முடிந்து கதவைத் திறந்த பேத்தி என்னைப் பார்த்தாள். போய் விசிறியைப் போட்டாள். தலைவி அக்கா மேலே வந்து அவள் தலையில் கைவைத்து முழுச் சத்தத்தோடு ஜெபித்துவிட்டு, "ஜெயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டில் மகன்தான் கேட்டான், "என்னட்டி கேட்டாங்க?"

"மூணு பேர் இருந்தாங்கப்பா. பாதியில அது என்ன பாட்டுன்னு ஒரு மேடம் கேட்டாங்க. எனக்காகத்தான் மேடம், எங்க தாத்தா சர்ச்ல நேரம் சொல்லிட்டாருன்னு சொன்னேன். இதனால பிரயோஜனம் உண்டான்னு கேட்டாங்க. ரிசல்ட் வந்தப்புறம் சொல்றேன்னேன்."

மகன் சிரித்தான். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்புறம் ஒரு சார், சரி, இப்ப இந்த நிமிஷம் உனக்கு ஒரு பை தேவைன்னா எப்படிப் பண்ணுவேன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"எங்க தாத்தா உள்ள உக்கார்ற மாதிரி ஒரு பைன்னு சொன்னேன். மூச்சு விட வலை வச்சு, உள்ளே குஷன் வச்சு, ஜிப்பு மட்டும் வெளிப்பக்கம்."

மருமகளுக்குப் புரையேறிவிட்டது. மகன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"அதோட விட்டியா?"

"அவங்க விடல. எந்தத் துணி, எத்தனை கிலோ தாங்கும், தோள்ல வலிக்காம எப்படித் தூக்குவேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வரைஞ்சு காட்டினேன். தாத்தா, நீங்க எத்தனை கிலோ?"

"அறுபத்திரண்டு" என்றேன்.

"நான் எழுபதுன்னு சொல்லிட்டேன். பரவால்ல, ஸ்ட்ராங்கா இருக்கும்."

அன்று அவள் மூன்று தோசை சாப்பிட்டாள் என்பதை நான் கவனித்தேன். ஆனால் தேர்வாளர்கள் கேலிக்குச் சிரித்தார்களா, பிடித்துப்போய்ச் சிரித்தார்களா என்பது தோசையில் தெரியாது. முடிவு வருகிறவரை நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. பேத்தி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள். பாய்தான் என்னைப் பார்த்த இடத்தில் எல்லாம், "அண்ணாச்சி, அந்தப் பைக்கு அளவெடுக்கணும், எப்ப வாறிய?" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார். என் மானம் போகுமே என்று பார்க்கிற ஆளில்லை அவர்.

மெயில் மத்தியானம் வந்தது. பேத்தி மேலோட்டமாகப் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள், செல்போனை என் கையில் திணித்துவிட்டு ஏணியில் தடதடவென்று இறங்கினாள். கீழே மெஷின்கள் நின்றன. பாயின் குரலும் பசங்களின் விசிலும் பலகை வழியாக மேலே வந்தன. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். நான்கு வரி. இரண்டாம் வரியில் இடம். மூன்றாம் வரியில் உதவித்தொகை. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

நான்காம் வரி, முதல் நாள் வரவேற்பு விழாவைப் பற்றியது. மாணவருடன் பெற்றோர் இருவர் வரலாம் என்றிருந்தது. நியாயமான எண்ணிக்கைதான். மருமகளிடம் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "அன்னைக்கு நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மேலே ஏறி வந்த பேத்தி செல்போனைப் பிடுங்கினாள். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். கட்டைவிரல் இரண்டும் பறக்க எதையோ தட்டினாள்.

"என்னட்டி எழுதுத?"

"மூணு பேர் வரலாமான்னு கேக்குறேன்."

"ரூல்ஸ்ல ரெண்டுன்னு போட்டிருக்கே. ஆரம்பத்துலயே அவங்களக் கோவப்படுத்தாத."

"டிசைன் பண்ணின பையை நேர்ல காட்டச் சொன்னாங்கன்னா யாரை வச்சுக் காட்டுறது? சும்மா இருங்க தாத்தா."

பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அப்படியே வந்தாலும் மூன்று ரயிலிலும் உட்கார இடம் கிடைக்குமா என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.