ஷைமா சிஸ்டரின் புல்லாங்குழல்

கொடைக்கானல் பஜாரில் பிறந்து செண்பகனூரில் வாழ்க்கைப்பட்ட நர்ஸ் ஷைமாவுக்கு ரெண்டு வரி சேர்ந்தாற்போல் பாட வராது. அப்பேர்ப்பட்டவர்தான் மலைமேல் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்குள் சங்கீதத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். மதுரையில் நர்சுகளுக்கான ஒரு பயிற்சியில், சிசேரியனுக்குப் படுக்கும் பெண்களின் பயத்தை மெல்லிய இசை தணிக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்த கையோடு ஒரு ஸ்பீக்கர் வாங்கி, நல்ல புல்லாங்குழல் இசையாகத் தேடிப்பிடித்து அதில் ஏற்றிவிட்டார்.

அதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. யார் வந்தாலும் இதே பேச்சு. அதிலும் மேல்மலைப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது குரலே குழைந்துவிடும்.

"டவுன் பொண்ணுங்க கொஞ்சம் நெளிவாங்க. கவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குழல் காதுல விழுந்தாப் போதும், அசையாமக் கெடக்குதுங்க. வெள்ளை மனசு பாருங்க, சட்டுன்னு எளகிருது" என்பார். கேட்டவர்களும் மனம் உருகித்தான் போனார்கள்.

பிரியாவும் மேல்மலையில் அதே கவுஞ்சிதான். தலைப்பிரசவம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் சிசேரியன் என்று முடிவாகியிருந்தது. மேசையில் படுத்ததும் ஷைமா குழலைப் போட்டார். பிரியா அசையவில்லை. ஷைமா பெருமையோடு டாக்டர் குமரகுருவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரோ மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரெஷர் ஏறியிருந்தது.

ஷைமா சத்தத்தைக் கூட்டினார். ப்ரெஷர் இன்னும் ஏறியது. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று ஸ்பீக்கரைத் தூக்கித் தலைமாட்டிலேயே வைத்தார்.

"இப்படியே ஏறினா இங்க வச்சுப் பார்க்க முடியாது சிஸ்டர். திண்டுக்கல்லுக்கு அனுப்பிரலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருங்க" என்றார் டாக்டர்.

வெளியே நல்ல மழை. பாதை தெரியாத மூட்டத்தில், அத்தனை வளைவிலும் குலுங்கிக்கொண்டு இந்தப் பெண் இறங்க வேண்டும். ஷைமா பிரியாவின் முகத்தருகே குனிந்தார்.

"என்னம்மா பயம் உனக்கு? எங்கிட்டச் சொல்லு."

பிரியாவின் உதடு மட்டும் அசைந்தது. "எம்புட்டுக் கிட்ட வந்திருக்குக்கா?"

"எது?"

"காட்டுமாடு."

பிரியா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணம் காட்சின்னா பாட்டுக் கேக்க ஆளு இருக்கும். ஆளே கேக்காம ஸ்பீக்கர் மட்டும் பாடுச்சுன்னா, பூண்டுக்காட்டுக்குள்ள மாடு எறங்கிருச்சுன்னு அர்த்தம். வெரட்டத்தான் போடுவோம். மாடு எங்க மாமனாரத் தூக்கி எறிஞ்சப்பயும் பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இது ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியுதுக்கா. இந்த ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்குது. மாடு கிட்ட நிக்கிறப்ப மட்டும் அசையவே கூடாது, அதான் இப்படிக் கெடக்கேன்."

ஷைமா ஸ்பீக்கரை அணைத்தார். அடுத்து என்ன பேசுவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவைத்தார்.

"மாமனார் இப்ப எப்படி இருக்காரு?"

"அந்த மனுசனா? இடுப்பு ஒடிஞ்சும் வாய் ஒடியலக்கா. கட்டில்ல கெடந்துக்கிட்டே என்னைய வேல வாங்குறாரு..."

அப்புறம் பிரியா நிறுத்தவில்லை. மாமனாரின் வெந்நீர், மாமனாரின் வெத்தலை, மாமனாரின் செல்போன் என்று வரிசையாக வறுத்தெடுத்தாள். ப்ரெஷர் மெல்ல மெல்ல இறங்கியது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாகி, முதுகில் ஊசி போட்டு, பெண் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அது அழுத அழுகையில் ஷைமாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"பார்த்தீங்களா சிஸ்டர், உங்க மியூசிக் கடைசியில வேலை செஞ்சிருச்சு" என்றார் டாக்டர், தையல் போட்டபடி.

மறுநாள் வார்டில் பிரியா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷைமா கட்டிலோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, இதுக்கு முந்தி உங்க ஊர்ப் பிள்ளைக எத்தனையோ பேர் வந்தாங்க. ஒருத்திகூடப் பாட்டு வேணாம்னு சொல்லலையே."

"எங்கிட்டச் சொல்லித்தான் விட்டாளுகக்கா. உள்ள பாட்டுப் போடுவாங்க, பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடன்னு." பிரியா பிள்ளையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள். "நீங்க அம்புட்டு ஆசையாப் போடுறீங்க. மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எப்படிக்கா சொல்றது?"