நான் சிரித்த ஊர் இங்கிலீசு

பிள்ளைகளே, வாப்பா கட்டாரில் வேலைக்கு இருந்தபோது செய்த ஒரு பிழையை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

வயல் சூழ்ந்த சம்மாந்துறையிலிருந்து புதிதாக வந்த ரபீக் என் அறையில்தான் தங்கினான். வந்த கிழமையே, கையில் வெட்டுக்காயத்தோடு எங்கள் தங்குமிடத்து வாசல் காவலாளியிடம் டிஸ்பென்சரி எங்கே என்று இங்கிலீசில் கேட்டான். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அங்கே கிளினிக் என்பார்கள். காவலாளி விளங்கிக்கொண்டு வழியும் காட்டிவிட்டான். நான்தான் கல்முனை டவுன்காரன் என்ற மிதப்பில், "டிஸ்பென்சரியாம்! உன்ட இங்கிலீச வயலுக்குள்ளயே வெச்சிட்டு வந்திருக்கலாமேடா" என்று சத்தமாகச் சிரித்தேன். நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் இங்கிலீசில் வாய் திறக்கவே இல்லை. எதற்கும், மூத்தவன் என்று காக்கா காக்கா என்றழைத்து, என்னைத்தான் கூட்டிப் போவான்.

ஒருநாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது, லீவில் நின்ற ரபீக் வேர்த்து ஒழுக, நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தான். பகலிலிருந்தே வலியாம்.

"காவலாளிட்டச் சொல்லியிருக்கலாமேடா?"

"நான் கதைச்சாச் சிரிப்பாங்க காக்கா. நீங்க வரட்டும் எண்டு இருந்தன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்று மவுத்தாகிவிட்டான். அவன் பயந்த சிரிப்பு என்னுடையது.

அவனுடைய மனைவி போனில் அழுதபோது, நெஞ்சுவலி என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பிறகு தனியாக மாடிக்குப் போய், அவன் காலையில் துவைத்துப் போட்டிருந்த சாரனைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தேன்.