கௌசிக்கு ஒரு சேலை வேண்டும்

இன்று காலை பலாங்கொடை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை அதிபர். கூடவே நான்கு பிள்ளைகள். மீத்திறன் மாணவர்களைத் தெரிவு செய்யும் பரீட்சை டவுனில் நடக்கிறதாம்.

சாமான் வாங்க அதே பஸ்ஸில் வந்த கௌசியின் அம்மா, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதிபரிடம் கேட்டார்.

"சேர், எங்க கௌசிய கூப்பிடலீங்களா? கணக்குல அவதானே மொத ஆளு?"

"ரொம்பக் கெட்டிக்காரிங்க. அதனாலதான் கூட்டிட்டு வரல."

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனதுல இருந்து ஆறாம் ஆண்டுக்கு அவதானே படிச்சுக் குடுக்குறா. அவளையும் கூட்டிட்டு வந்துட்டா கிளாஸ யாரு பாக்குறது?"

"அப்ப இந்தப் புள்ளைங்க?"

"அவ தயார் பண்ணின புள்ளைங்கதான்" என்றார் அதிபர், பெருமையாக.

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்.

"அப்ப நாளையில இருந்து யூனிபோர்ம் வேணாங்க சேர். சேலை கட்டியே அனுப்பிடுறேன்."

அதிபர் அதன்பிறகு டவுன் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கௌசிக்குப் பதின்மூன்று வயது. என்ன நிறச் சேலை பொருத்தமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.