ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கதவு

ஞாயிறு காலை ஆறரைக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர். அங்குள்ள சிறிய சேர்ச் ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். ஊழியம் போதகரின் வேலை மட்டுமல்ல, சபையில் உள்ள ஒவ்வொருவரின் அன்றாடக் கடமை என்பதுதான் என் பேச்சின் பொருள். களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை குறிப்புகளைப் படித்தபடியே போனேன்.

ஞாயிறென்று கல்முனையில் கடைகள் ஓய்வதில்லை. பெரும்பாலானவை முஸ்லிம்களுடையவை. சந்தை முன்னால் மீன் பெட்டிகளும் ஓட்டோக்களும் நெருக்கியடித்தன. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சேர்ச்சில் ஆராதனை தொடங்கியிருந்தது.

பேச்சு நன்றாகத்தான் அமைந்தது. எல்லோரும் தலையசைத்துக் கேட்டார்கள். ஓர்கன் மட்டும் துணி போர்த்தியபடி கிடந்தது. பாட்டுகளை வெறும் குரலில் பாடினார்கள். தேநீர் வேளையில் அதைப்பற்றிக் கேட்டேன்.

"ஜெயந்தி அக்காதான் வாசிக்கிறவ. ஸ்கூட்டியால விழுந்து கால் முறிஞ்சு போச்சு. வீட்ட இருக்கா" என்றார் சபைச் செயலாளர் ரூபன்.

"தனியாவா? ஆர் போய்ப் பார்க்கிற?"

"போதகர் போறவர்தானே."

மூன்று சபைகளைக் கவனிக்கும் போதகர் பக்கத்தில்தான் நின்றார். "பெண்கள் சங்கம் போகுது எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார். சங்கத் தலைவி கோப்பையைக் கீழே வைத்தார்.

உடனே நானும் ரூபனும் ஓட்டோ பிடித்தோம். ஜெயந்தியின் வீடு கல்முனைக்குடியை ஒட்டிய ஒழுங்கையில் இருந்தது. கேற்றில் பூட்டு. அடுத்த வீட்டிலிருந்து பரீதா என்ற பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார்.

"ஜெயந்தி ராத்தாவயா தேடுறீங்க? தம்பிக்காரர் புதன்கிழமை வந்து அக்கரைப்பற்றுக்குக் கூட்டிப் போயிட்டாரே. ரெண்டு மாசமா நாங்கதான் சோறு குடுத்த. நீங்க ஆரு?"

"சேர்ச்சால வந்திருக்கம்" என்றார் ரூபன், மெல்லிய குரலில்.

பரீதா பூட்டிய கேற்றைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை எண்டா என்னைக் கூப்பிட்டுச் சாறி உடுத்திவிடச் சொல்லுவா. கதவத் திறந்து வச்சிட்டு இரிப்பா, சேர்ச் முடிஞ்சு ஆராச்சும் வருவாங்க எண்டு. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்ன பொறகுதான் மூடுவா."

பரீதாவிடம் தம்பியின் விலாசத்தை வாங்கினோம். அக்கரைப்பற்றுக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர். பஸ் ஏறினோம். நிந்தவூர் தாண்டியதும் வயல்கள் தெரிந்தன. நல்ல பச்சை. ரசிக்க மனம் வரவில்லை.

தம்பி வீட்டு விறாந்தையில், காலை முக்காலியில் நீட்டியபடி ஜெயந்தி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. போதகர் வாறார் எண்டு நினைச்சிட்டம்" என்றார் ரூபன்.

"போதகர்தான் வரவேணும் எண்டு நான் இருக்கல்ல தம்பி. நீங்க ஆராச்சும் வந்து கொஞ்ச நேரம் கதைச்சிருந்தாக் காணும்."

"கால் சுகமானதும் வருவீங்கதானே?"

"இல்ல. வீட்ட வாடகைக்குக் குடுத்தாச்சு. இஞ்ச உள்ள சபைக்குத் தம்பியின்ட பெண்சாதி கூட்டிப் போறா." கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "காரைதீவில தவமணி இருக்காவெல்லோ, கண் தெரியாதவ. சனிக்கிழமையில நான் போய் வேதம் வாசிச்சுக் காட்டுறனான். இப்ப ஆர் போற?" என்று கேட்டார்.

ஜெயந்தி அங்கே போய்வந்ததே ரூபனுக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பும் வழியில் காரைதீவுச் சந்தியில் ரூபன் திடீரென எழுந்து என்னிடம், "நான் இறங்கிறன் அக்கா" என்றார். பஸ் நகர்ந்தபோது, அவர் ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டு நிற்பதைக் கண்டேன். சொந்தச் சபைப் பெண்ணின் வீட்டுக்கு வழி!

அவர்தான் போகிறாரே என்று நான் இருக்கையிலேயே இருந்துவிட்டேன். காலையில் அத்தனை பேர் முன்னால் எதைக் கூடாதென்று பேசினேனோ, அதையேதான் செய்கிறேன் என்பது அடுத்த ஊரான சாய்ந்தமருதில்தான் உறைத்தது. மணியை அடித்து இறங்கியிருக்கலாம். அடிக்கவில்லை.