சுண்டுவிரல் அகலம்

இந்தியாவில் அகதி முகாமில் பதினாறு வருடம் இருந்துவிட்டுத் தலைமன்னாருக்குத் திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் குடியேறி மூன்றாவது வருடம் நடந்தது இது.

என் கணவர் ஷெல்லடியில் இடது காலை இழந்தவர். கக்கத்தில் பொல்லு வைத்துத்தான் நடப்பார். புது வீட்டின் சீமெந்துத் தரையோ ஒரே வருடத்தில் வெடித்துப் பொரிந்து மாவாகக் கொட்டத் தொடங்கியது. அந்த மாவில் பொல்லு சறுக்கி இரண்டு தடவை விழுந்துவிட்டார். இன்னொரு தடவை இடுப்பு அடிபட்டால் எழும்பி நடக்கிற கதையே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் எழும்பினால் நானும் எழும்புவேன்.

பிரான்சில் இருக்கும் தங்கச்சியின் கணவருக்குத் தரை போடுகிற வேலை. மிஞ்சிய வினைல் பலகைகளைக் கப்பலில் அனுப்பி வைத்தார். பார்த்தால் மரம் மாதிரி, தொட்டால் பிளாஸ்டிக். ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றின் கரையை மற்றதன் கரைக்குள் சரித்துச் செருகி அமத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒன்றோடும் ஒட்டாமல் ஒரு தரை எப்படிக் கிடக்கும்? இரண்டு பலகையை எடுத்து ஒரு நாள் முழுக்கப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். "பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைச்சிட்டுது" என்று அவர் பகிடி பண்ணினார்.

வேறு யாரையும் கூப்பிடவில்லை, நானே போட்டேன். தங்கச்சியின் கணவர் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். "அக்கா, ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. சுவரைச் சுத்தி ஒரு சுண்டுவிரல் அகலம் இடைவெளி விடுங்கோ." ஓம் ஓம் என்றேன். போனை வைத்ததும் சீமெந்து குழைத்து அந்த இடைவெளி முழுவதையும் அடைத்தேன்.

அவருக்கென்ன, பிரான்சில் தேளா இருக்குது? முகாமில் என் மகளுக்கு மூன்று வயதில், சுவர் இடுக்கால் வந்த தேள் கொட்டி, பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு எங்கே இடுக்குக் கண்டாலும் பழந்துணி, கடதாசி, சவர்க்காரத் துண்டு, எது கையில் கிடைக்கிறதோ அதை வைத்து அடைத்துவிடுவேன். முகாமில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பழக்கம்தான்.

தரை அவ்வளவு வடிவாக வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் எழும்பி நடந்தார். நடுவறையில் பொல்லை ஊன்றினார், தரை கீழே அமிழ்ந்தது. ஐயோ! பொல்லு ஒரு பக்கம் போக, அவர் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார். சட்டையைப் பிடித்தபடி பின்னால் வந்த நான் பாய்ந்து கட்டிப் பிடித்தேன். பார்த்தால் நடுத்தரை அப்பம் மாதிரி உப்பி, அடியில் வெறும் காற்றாக நிற்கிறது. "எனக்கு ஒண்டுமில்லை, அழாத" என்கிறார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்தவேண்டும் என்று அவ்வளவு ஆத்திரம். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், தரை ஒன்றுமே நடக்காதது போலத் தட்டையாகக் கிடக்கிறது! மத்தியானம் திரும்பவும் உப்பியது. ஆத்திரம் போய், இது என்ன சங்கதி என்று அறிகிற ஆசை வந்துவிட்டது. நேரான தடி ஒன்றைத் தரையில் வைத்து, குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக் கிடந்தேன்.

"என்னக்கா, எறும்பு எண்ணுறீங்களோ?"

ரயில் கடவையில் கேட் போடுகிற பெண். உயிலங்குளத்துப் பிள்ளை, வேலைக்குப் புதிது. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தவள். கதையைச் சொன்னேன். கரையில் நான் பூசிய சீமெந்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "தண்டவாளத்துக்கே துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருக்கு. வெயிலுக்கு இரும்பே நீளும். நீளுறதுக்கு இடம் இல்லாட்டி வளைஞ்சுதானே எழும்பும்? நம்பாட்டி வந்து பாருங்கோ."

நான் சும்மா நம்புகிற ஆளா? ரயில் இல்லாத நேரம் பார்த்து, காலையில் அவளோடு போய், இரண்டு தண்டவாளம் சந்திக்கிற இடத்தில் வீட்டுச் சாவியைச் செருகிப் பார்த்தேன், போனது. மத்தியானம் திரும்பப் போனேன். கால் வைக்க முடியாத சூடு. சாவி போகவே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அன்றைக்கே உளியும் சுத்தியலும் எடுத்துச் சீமெந்தைக் கொத்தத் தொடங்கினேன். அவளும் கடமை முடிந்து வந்து உதவினாள். கடைசி மூலைத் துண்டு கழன்றதும் 'டொக்' என்று ஒரு சத்தம். உப்பியிருந்த தரை தானாகவே படுத்துக்கொண்டது. இடைவெளியை மறைக்க, சுவரோடு சேர்த்து மெல்லிய மரப்பட்டி அடித்தோம். அவள் சொன்னபடி ஆணி சுவருக்கு மட்டும்தான், தரைக்கு இல்லை. தேளுக்கும் வழியில்லை.

அவர் பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் வழக்கம் போலப் பின்னால் போய் அவருடைய சட்டையைப் பிடித்தேன்.

"கையை எடப்பா" என்றார். "நீ பிடிச்சுக்கொண்டிருந்தா நான் எப்படி நடக்கிறது?"

எடுத்தேன். அவர் வாசல் வரை போனார், திரும்பினார், என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்து கதிரையில் இருந்தார். இரண்டு வருடமாக அவர் தனியே நடந்ததை நான் பார்த்ததே இல்லை. நடக்க நான்தான் விடவில்லை.

இப்போதும் அவர் எழும்புகிற சத்தம் கேட்டால் என் கால்கள் ஓடத்தான் பார்க்கின்றன. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று நான் பார்த்துப் பார்த்து அடைத்த சுண்டுவிரல் அகலம்தான் அவரை விழுத்தப் பார்த்தது என்பதை நினைத்து, இருந்த இடத்திலேயே இருந்துகொள்கிறேன்.