அக்கா பக்கம் சுற்றிய சக்கரம்

என் அக்காவுக்குக் களிமண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்த வராது என்று பட்டறையில் பதினோரு வருடமாகப் பேச்சு. கிளப்பிவிட்டவர் எங்கள் அண்ணன். பட்டறை அவர் கையில் இருந்தது. மண் நடுவில் அசையாமல் நின்றால்தான் பானை எழும்பும். அக்கா வைத்தால் ஆடும். அதனால் அவளுக்கு மண் பிசையும் வேலை. பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

அக்கா இடது கைக்காரி. அவ்வப்போது வாய்விட்டுக் கேட்டுச் சக்கரத்தில் உட்காருவாள்.

"வலது கையால அழுத்து. அந்தக் கையை எடு!" என்று அண்ணன் அவள் முழங்கையில் மரச்சட்டத்தால் தட்டுவார். மண் தள்ளாடும். "உனக்குக் கையில நிதானம் இல்லம்மா, எழுந்திரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் வாயை மூடிக்கொண்டு பானைக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கோபம் தனி.

போன மாதம் சக்கரத்தின் மோட்டார் எரிந்தது. பழுது பார்த்தவர் வயரை மாற்றி இணைத்துவிட்டுப் போய்விட்டார். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது.

"எந்தப் பக்கம் சுத்தினா என்ன? முப்பது வருஷக் கை இது" என்று அண்ணன் உட்கார்ந்தார். மண் ஆடியது. மறுபடி வைத்தார். இந்த முறை பிய்ந்து அவர் சட்டையில் அப்பியது.

"மண்ணை ஒழுங்கா பிசையறதில்ல!" என்று அக்காமேல் பாய்ந்தார். அடப்பாவி!

அக்கா கையைத் துடைத்தாள். "கொஞ்சம் நகருங்கண்ணே."

அதே மண். இடது கையால் அழுத்தினாள். இரண்டு சுற்று ஆடியது, பிறகு நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறதா என்றே தெரியாத அளவுக்கு நின்றது. அவள் கட்டைவிரலை நடுவில் இறக்கிப் பானைக்கு வாய் திறந்தாள். அவளிடம் குறையே இல்லை! இத்தனை வருடத்தில் அவள் இடது கைக்குத் தக்கபடி சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் போனை எடுத்தார். "வயரைப் பழையபடி மாத்தணும், உடனே வாங்க."

"வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, எழுந்திருக்காமல். "மூலையில இன்னொரு சக்கரம் சும்மாதானே கிடக்கு? அது உங்க பக்கம்தான் சுத்தும். நீங்க அதுல உக்காருங்க. இது எனக்கு."

ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று அண்ணன் முகத்தையே பார்த்தேன்.

"அப்ப மண்ணை யாரு பிசையறது?" என்றார்.

"அவங்கவங்க மண்ணை அவங்கவங்கதான்" என்றாள் அக்கா.